திண்டிவனத்து அவுரிக் கட்டி: எட்டு மாதம் நூலில் தோய்த்துப் பார்த்தபின்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்வாசலில் மூடி போட்ட வெள்ளை வாளி ஒன்று இருக்கிறது. தைப்பூசம் முடிந்த வாரத்தில் வைத்தது. தண்ணீர் மீட்டர் பார்க்க வருபவரிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரை எல்லாரும் உள்ளே என்ன என்று கேட்கிறார்கள். நீலச் சாயம் என்று சொல்லி மூடியைத் திறந்தால் நம்ப மாட்டார்கள். உள்ளே நீலமே தெரியாது. தேன் நிறத்தில் தண்ணீர், அதன் மேல் செம்பு பூசிய மாதிரி ஓர் ஏடு, நடுவில் கொஞ்சம் நீல நுரை. திண்டிவனம் பக்கத்து உற்பத்தியாளர் ஒருவரிடமிருந்து வரவழைத்த அவுரிக் கட்டிதான், அதாவது அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலச் சாயக் கட்டிதான், அந்தத் தண்ணீருக்குள் கரைந்து கிடக்கிறது. எட்டு மாதம் அதோடு பழகிய பிறகு இதை எழுதுகிறேன்.

வாங்கலாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். கட்டி நல்ல கட்டி. ஆனால் பொடியாக வாங்காதீர்கள், கட்டியாகவே வாங்குங்கள். வந்த அன்றே சாயம் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் காரணம் உண்டு.

நாங்கள் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலும் ஊசியுமாக எங்கள் முன்வாசலில் கூடுவோம். நான் பாலர் பள்ளி ஆசிரியை, குரோஷே பின்னுகிறவள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் டீச்சர் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மேசைமேல் வைக்கிற சின்னத் தறி ஒன்று வைத்திருக்கிறார். நாங்கள் கக் என்று கூப்பிடும் மலாய் அக்கா பூத்தையல் போடுவார். சீன ஆன்ட்டிக்கு மெல்பர்னில் பேரன் இருக்கிறான், அதனால் இந்த வெயில் ஊரில் உட்கார்ந்து கம்பளி நூலில் சட்டை பின்னுகிறார். ஐந்தாவது ஆள் என் பெரியம்மா. எழுபத்தொரு வயது. நாற்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவருக்குப் பின்னத் தெரியாது, ஆனால் சிக்கலான நூலைப் பிரித்துச் சிட்டமாக, அதாவது வளையக் கட்டாக, சுற்றுவதில் எங்களில் யாரும் அவருக்கு ஈடில்லை.

கட்டிக்கு முன்னால் ஒரு தவறான பொடி வந்தது. அதைச் சொல்லாமல் போனால் உங்களில் யாராவது அதே வழியில் போவீர்கள். ஈப்போ லிட்டில் இந்தியாவில் அவுரிப் பொடி என்று கேட்டு இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். பிரித்தால் மருதாணிப் பொடி மாதிரி பச்சையாக இருந்தது. அது தலைமுடிக்குப் போடுகிற பொடி. கடைக்காரர் மேல் தவறில்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார். அவுரி இலையைக் காய வைத்து அரைத்தால் அந்தப் பச்சைப் பொடி கிடைக்கும். அதில் நீலம் இன்னும் நீலமாக ஆகியிருக்காது. இண்டிகன் என்ற பொருளாக இலைக்குள் இருக்கும். தண்ணீர் பட்டதும் அது உடைந்து, காற்று பட்டு, முடியின் மேலேயே நீலமாக மாறும். முடிக்கு அது போதும். நூலுக்குச் சாயத் தொட்டி போட, அதாவது நூலைத் தோய்க்கிற சாயத் தண்ணீர் தயாரிக்க, அது உதவாது, ஏனென்றால் ஒரு பிடி இலைப்பொடியில் இருக்கும் நீலம் மிகக் கொஞ்சம். எங்கள் முதல் சிட்டம் பாசி படிந்த சுவர் மாதிரி ஒரு சாம்பல் நிறத்தில் வந்தது. இரண்டு ஞாயிறு அதில் போயின. நூலுக்கு வேண்டியது இலை அல்ல, இலையிலிருந்து பிரித்தெடுத்த நீலம். வாங்கும்போது நிறத்தைக் கேளுங்கள். பச்சை என்றால் தலைக்கு, கறுநீலம் என்றால் நூலுக்கு.

கட்டி வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். 200 கிராம் சொல்லியிருந்தேன். தபால் செலவெல்லாம் சேர்த்து எனக்கு 130 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆனது. பழுப்புக் காகிதத்தில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் பை, அப்புறம் அட்டைப் பெட்டி. ஈரம் உள்ளே போகவில்லை. கட்டிகள் சோப்பை நாலாக வெட்டிய அளவில், ஓரம் உடைந்து, மேலே வெடிப்போடு இருந்தன. வெளியில் பார்த்தால் கரி போலத் தெரியும். டீச்சர் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திக் கோடு கிழித்தார். கோடு பளபளவென்று செம்பு நிறத்தில் மின்னியது. நல்ல நீலத்துக்கு அது பழைய சோதனை என்றார். கையில் தூக்கினால் கல் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, எடையே தெரியவில்லை. மண் கலந்த கட்டி என்றால் கனக்கும்.

குறை சொல்ல வேண்டியது கட்டியோடு வந்த விவரச் சீட்டைப் பற்றி. இயற்கை நீலம், 200 கிராம், அவ்வளவுதான். எந்த அறுவடை, எப்போது கட்டி போட்டது, இதில் எத்தனை சதவீதம் நீலம் என்று ஒன்றும் இல்லை. செயற்கை நீலம் ஏறக்குறைய முழுவதும் ஒரே பொருளாக இருக்கும். இயற்கைக் கட்டியில் நீலத்தோடு இலைச் சக்கை, மண், சுண்ணாம்பு, இண்டிருபின் என்ற சிவப்புச் சாயம் எல்லாம் சேர்ந்திருக்கும், கட்டிக்குக் கட்டி அளவு மாறும். அது குற்றமில்லை, செடியிலிருந்து வருவது அப்படித்தான். ஆனால் சதவீதம் எழுதியிருந்தால் முதல் தொட்டிக்கு எவ்வளவு போடுவது என்று நான் தடவிப் பார்த்திருக்க வேண்டாம். கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டி செய்கிற வீடியோ ஒன்று வந்தது. என் கேள்விக்குப் பதில் அதில் இல்லை, ஆனால் அந்த வீடியோவை நாங்கள் நாலு தடவை பார்த்தோம்.

சிமெண்டுத் தொட்டியில் அவுரிச் செடியைக் கட்டுக் கட்டாக அடுக்கி, மேலே மரச்சட்டம் வைத்து அமுக்கி, தண்ணீர் விடுகிறார்கள். செடி ஊறிப் புளித்து நீர் பச்சை மஞ்சளாக ஆனதும் அடுத்த தொட்டிக்கு இறக்குகிறார்கள். அங்கேதான் பெரிய வேலை. ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி வரிசையாக நின்று, காலால் தண்ணீரை உதைத்து உதைத்துக் கலக்குகிறார்கள். காற்று உள்ளே போகப் போகப் பச்சை நீர் நீலமாகிறது, நுரை பொங்குகிறது. அப்புறம் ஓய விட்டால் நீலம் அடியில் சேறாகப் படியும். அதை வடிகட்டி, காய்ச்சி, துணியில் பிழிந்து, அச்சில் அமுக்கி, கட்டியாக வெட்டி நிழலில் காய வைக்கிறார்கள். பெரியம்மா வீடியோவை விட்டுக் கண் எடுக்கவில்லை. "இது நம்ப ஊருப் பக்கந்தானே" என்று கேட்டார். எங்கள் தாத்தா தென்னார்க்காட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். அப்போது திண்டிவனம் தென்னார்க்காட்டோடுதான் இருந்தது. தாத்தா அவுரி வயலில் வேலை செய்தாரா என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் அந்தச் சீட்டில் திண்டிவனம் என்று தமிழில் அச்சடித்திருந்ததைப் பெரியம்மா கத்தரித்து எடுத்துச் சாமி மேடையில் வைத்துக்கொண்டார்.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்தக் கட்டியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவு வைத்துக்கொள்வதாக இருந்தால் அரைப்பதை வைத்துக்கொள்ளுங்கள். நீலம் தண்ணீரில் கரையாது. தூளை அப்படியே தண்ணீரில் போட்டால் மேலே மிதக்கும், கையெல்லாம் ஒட்டும், உள்ளே உலர்ந்த உருண்டையாகவே நின்றுவிடும். அதனால் கட்டியை முதலில் உடைத்து, ஒரு இரவு கொஞ்சம் வெந்நீரில் ஊறப் போட்டு, மறுநாள் ஈரமாகவே அரைக்க வேண்டும். நாங்கள் சாயத்துக்கென்று ஒரு பழைய கல்லுரல் ஒதுக்கியிருக்கிறோம், சமையலுக்கு இனி அதைத் தொடுவதில்லை. அரைக்க அரைக்க ஒரு கட்டத்தில் விழுதின் சத்தம் மாறும். முதலில் நறநற என்று இருப்பது பிறகு வழுவழுவென்று சத்தமில்லாமல் சுற்றும். தோசை மாவுக்குக் கை பார்ப்பது மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தால் மணல் தட்டக்கூடாது. 50 கிராம் அரைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. முதல் தடவை இருபது நிமிடத்தில் போதும் என்று நிறுத்தினேன். தொட்டியின் அடியில் கறுப்பு மணி மணியாகப் பாதி நீலம் கரையாமலே கிடந்தது. பணம் கொடுத்து வாங்கிய நீலம் அது.

கட்டியாகவே வாங்குங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். பொடி என்று அதே ஆளிடம் 50 கிராம் தனியாக வாங்கிப் பார்த்தேன். அது போதுமான நைசாக இல்லை, எப்படியும் மறுபடி அரைக்க வேண்டியிருந்தது. உலர்ந்த பொடியை உரலில் போட்டால் தூசு பறந்து மூக்குக்குள் போகிறது. கட்டியில் அந்தத் தொல்லை இல்லை, நகத்தால் கோடு கிழித்துப் பார்க்கவும் முடியும்.

தொட்டிக்கு நாங்கள் பின்பற்றியது மிஷெல் கார்சியா என்ற பிரெஞ்சுச் சாயக்கலைஞர் பரப்பிய ஒன்று, இரண்டு, மூன்று முறை. நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை மூன்று பங்கு. எங்கள் 10 லிட்டர் வாளிக்கு 50 கிராம் நீலம், 100 கிராம் சுண்ணாம்புத் தூள், 150 கிராம் பிரக்டோஸ். சர்க்கரை காரத் தண்ணீரில் நீலத்தோடு சேர்ந்து அதைக் கரைகிற வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த வடிவத்துக்கு நீல நிறம் கிடையாது, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். நூலுக்குள் அது புகுந்த பிறகு காற்று பட்டால் திரும்பவும் கரையாத நீலமாகி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இப்படி வெளியே வராமல் தங்குவதால்தான் நீலம் துவைத்தாலும் நிற்கிறது.

சர்க்கரையைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். குலா மெலாக்கா என்கிற பனைவெல்லம் போடலாமே, பசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்றார் கக். டீச்சர் மறுத்தார். பனைவெல்லத்திலும் கரும்புச் சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதுவாக இந்த வேலையைச் செய்யாது, பழச்சர்க்கரைதான் செய்யும் என்றார். அப்படியென்றால் பழமே போடலாமே என்று கேட்டது பெரியம்மா. அது சரியான கேள்வி. இரண்டாவது வாளிக்குக் கறுத்துப்போன வாழைப்பழம் இரண்டு சீப்பு வேக வைத்துப் பிழிந்த சாற்றைத்தான் ஊற்றினோம். வேலை செய்தது. பிரக்டோஸில் இரண்டு மணி நேரத்தில் தெளிந்த தொட்டி இதில் மறுநாள் மாலைதான் தெளிந்தது, வாசமும் வேறு. பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு வாழைப்பழம் போதும், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுண்ணாம்பு புதிதாக இருக்க வேண்டும். பை திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றில் மெல்ல மெல்லச் சாதாரணச் சுண்ணக்கல் தூளாகிவிடும், அதில் காரம் இருக்காது. கையுறையும் முகக்கவசமும் போடாமல் அதைத் தொடாதீர்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து. பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் வாளிக்கு இறுகுகிற மூடி கட்டாயம் வேண்டும்.

வாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு ஓர் ஆசை இருந்தது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் தூக்கிய அலுமினிய வாளி இன்னும் என்னிடம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டைக் காலி செய்து வந்தபோது அம்மா கையோடு எடுத்து வந்த சாமான்களில் ஒன்று. அதில்தான் சாயம் போடுவேன் என்று தேய்த்து வெயிலில் காய வைத்திருந்தேன். டீச்சர் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தார். "வேண்டாம்மா. சுண்ணாம்புத் தண்ணி அலுமினியத்தைத் தின்னுடும். வாளியும் போகும், சாயமும் போகும்." அம்மாவின் வாளி திரும்பவும் அலமாரி மேல் போனது. பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர்தான் இதற்கு. ஆனால் தோட்டத்துச் சாமான் ஒன்று மட்டும் வேலைக்கு வந்தது. மரத்தில் பால் வடிகிற கிண்ணம், மங்கு. கண்ணாடி போல வழவழவென்று உள்ளே வெள்ளையாக இருக்கும் பழைய மங்கு இரண்டு பெரியம்மாவிடம் இருந்தன. தொட்டித் தண்ணீரை அதில் மொண்டு பார்த்தால் நிறம் தெளிவாகத் தெரியும். தேன் நிறம் என்றால் தயார். பச்சை கலந்து கலங்கலாக இருந்தால் காத்திரு. நீலமாக இருந்தால் சர்க்கரையோ சூடோ போதவில்லை.

முதல் தோய்ப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாளே பருத்திச் சிட்டங்களைச் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்திருந்தேன். வெள்ளை வெளேர் என்று கடையில் வாங்கிய நூலிலிருந்து தேயிலைச் சாயம் மாதிரி தண்ணீர் வந்தது. பருத்தியில் இருக்கும் மெழுகும் அழுக்கும் அது. இந்த வேலையைத் தவிர்த்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சிட்டத்தை எட்டு வடிவக் கட்டாக நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து, பிழிந்து வைத்தோம். சாய வாளியை வெந்நீர் நிறைந்த பெரிய தொட்டிக்குள் இறக்கிச் சூடாக்கியிருந்தேன். நுரையை ஒரு கரண்டியால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடியில் படிந்த சேறு படாதபடி காய்கறி வடிகட்டும் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதற்கு மேல் நூலை மெதுவாக இறக்கினேன். ஏழு நிமிடம். தண்ணீருக்கு அடியிலேயே பிழிந்து, சொட்டு விழாமல் வெளியே எடுத்தேன். சொட்டினால் தொட்டிக்குள் காற்று போகும்.

வெளியே வந்த நூல் பச்சை. வாழைக்குருத்துப் பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து உள்ளே நோக்கி நீலம் நகர்ந்தது. யாரும் பேசவில்லை. பெரியம்மாதான் சொன்னார்: "மங்குல பால் இறுகற மாதிரி, காத்து பட்டதும் மாறுது பாரு." சிட்டத்தைக் கொடியில் போட்டு, கட்டுகளைத் தளர்த்தி, உள் இழைகளைப் பிரித்துக் காற்றுப்பட வைத்தார். கட்டு இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழாமல் போனதற்கு அவர் கைதான் காரணம். பத்து நிமிடத்தில் சிட்டம் முழுக்க நீலம். கக்கின் கைத்துணியிலிருந்து ஒரு சொட்டு எங்கள் வெள்ளைத் தரைக் கல்லில் விழுந்தது. "கெரானா நீலா செதிதிக், ரோசாக் சூசு செபெலாங்கா" என்றார் அவர். ஒரு சொட்டு நீலத்தால் ஒரு பானைப் பால் கெட்டது. பள்ளியில் மலாய்ப் பாடத்தில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்த பழமொழி. நீலம் எவ்வளவு கடுமையாகப் பிடிக்கும் என்று தெரிந்த ஒருவர் சொல்லி வைத்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சொட்டு இன்னும் தரையில் இருக்கிறது.

நிறத்தைப் பற்றி. ஒரு தோய்ப்பில் வருவது விடியற்கால வானம். மூன்றாவதில் பள்ளிச் சீருடை நீலம். ஆறாவது, ஏழாவது தோய்ப்பில் ஒரு கறுநீலம் வருகிறது, வெயிலில் பிடித்தால் லேசாகச் சிவப்பு தட்டும். அந்தச் சிவப்பு இந்தக் கட்டியின் சிறப்பு. சீன ஆன்ட்டி ஒப்பிட்டுப் பார்க்க, முன்பே கரையும் வடிவத்துக்கு மாற்றி விற்கிற செயற்கை நீலம் ஒரு டப்பா வாங்கியிருந்தார். அதைத் தண்ணீரில் போட்ட அரை மணி நேரத்தில் தோய்க்கலாம். அரைக்க வேண்டாம், சர்க்கரை வேண்டாம். அது கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். நீலத்தின் மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில் காட்ட வேண்டுமானால் அதைத்தான் எடுப்பேன், அதையும் நானே தோய்ப்பேன். ஆனால் இரண்டு சிட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் செயற்கை நீலம் ஒரே சுருதியில் நிற்கிறது. கட்டி நீலத்தில் இழைக்கு இழை ஒரு அசைவு இருக்கிறது. பின்னி முடித்த துணியில் அது இன்னும் நன்றாகத் தெரிகிறது. டீச்சர் தறியில் போட்ட மேசை விரிப்பைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் போவதில்லை.

ஆழமான நிறம் வேண்டும் என்றால் நீலத்தை அதிகம் கொட்டாதீர்கள், தோய்ப்பைக் கூட்டுங்கள். இதை நான் இரண்டாவது வாளியில் மீறினேன். 10 லிட்டருக்கு 80 கிராம் போட்டு, இரண்டே தோய்ப்பில் கறுநீலம் எடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. பின்ன உட்கார்ந்தால் விரல், குரோஷே ஊசி, மடியில் இருந்த வெள்ளைத் துண்டு எல்லாம் நீலம். சாயம் நூலுக்குள் போகாமல் மேலேயே அப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சிட்டங்களை நாலு தடவை சுடுதண்ணீரில் சோப்பு போட்டு அலசிய பிறகுதான் பின்ன முடிந்தது. 50 கிராம் தொட்டியில் ஆறு முறை தோய்த்த நூல் இவ்வளவு ஒட்டவில்லை. கொஞ்சம் ஒட்டியது, அது எந்த நீலத்துக்கும் உண்டு, புது ஜீன்ஸ் போட்டவர்களுக்குத் தெரியும். கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சுண்ணாம்பை எடுத்துவிட்டு, அலசி, நிழலில் காய வைத்தால் நூல் மெத்தென்று ஆகிறது. வினிகரை விட்டால் நூல் காய்ந்ததும் சொரசொரப்பாக இருக்கும்.

கம்பளி நூலுக்கு இந்தத் தொட்டி முறை அவ்வளவு ஒத்து வரவில்லை. பருத்திக்கு, காரத்தின் அளவைச் சொல்லும் பி.எச். 10, 11 தாராளமாக இருக்கலாம். கம்பளி ஆட்டு மயிர், புரதம். அவ்வளவு காரம் அதை அரித்துவிடும். ஆன்ட்டியின் மெரினோ சிட்டத்தை முதல் நாள் மூன்று நிமிடம் விட்டோம். நிறம் பருத்தியைவிட ஆழமாகப் பிடித்தது, ஆனால் தொட்டால் வைக்கோல் மாதிரி இருந்தது. ஆன்ட்டி ஒன்றும் சொல்லாமல் அதைச் சுருட்டிப் பையில் வைத்தார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, வாளி பழகிக் காரம் 9 பக்கம் இறங்கிய பிறகு, ஒரு நிமிடத் தோய்ப்பாக மூன்று முறை செய்து உடனே அலசினோம். அந்தச் சிட்டம் மிருதுவாக வந்தது. பேரனுக்கு அதில் தொப்பி பின்னி அனுப்பியும் விட்டார். ஆக, கம்பளிக்குத் தோய்ப்பவர்கள் புதுத் தொட்டியில் இறக்காதீர்கள். பி.எச். பார்க்கும் காகிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது விலை குறைவுதான்.

ஒரு வாளி 50 கிராமில் எங்களுக்கு வந்தது 100 கிராம் பருத்திச் சிட்டம் எட்டு. முதல் மூன்று கறுநீலம், நடுவில் மூன்று நடுத்தரம், கடைசி இரண்டு வெளிர். ஒரு சிட்டத்துக்கு நீலத்துக்கு மட்டும் நாலு வெள்ளி சொச்சம். பிரக்டோஸ், சுண்ணாம்பு, எரிவாயு சேர்த்தால் ஐந்தரையைத் தொடும். கடையில் சாயம் போட்ட நூல் வாங்குவதைவிட இது மலிவு என்று சொல்ல முடியாது. நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் மலிவே இல்லை. இந்த நிறம் கடையில் கிடைப்பதில்லை, அதற்காகத்தான் கொடுக்கிறேன்.

தொட்டி சாகாமல் பார்த்துக்கொள்ள ஊர்ப் பருவம் பாதி உதவி. காலையில் வெயில் அடிக்கிற இடத்தில் வாளியை நகர்த்தி வைத்தால் மதியத்துக்குள் கதகதப்பாகிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மழை வந்தால் தொட்டி குளிர்ந்து மந்தமாகிவிடும். அன்று தோய்க்காமல் விட்டுவிடுவேன். வாரம் ஒருமுறை, சுழி விழாமல், அடியிலிருந்து மெதுவாகக் கிளறி, இரண்டு கரண்டி பிரக்டோஸ் போடுவேன். மேலே செம்பு ஏடு மறுபடி கட்டினால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பள்ளி விடுமுறையில் பத்து நாள் பினாங்கு போய்விட்டு வந்தபோது தொட்டி முழுக்க நீலமாகிக் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். டீச்சர் சூடு காட்டி, ஒரு கரண்டி சுண்ணாம்பும் மூன்று கரண்டி பிரக்டோஸும் போட்டு மூடி வைக்கச் சொன்னார். மறுநாள் காலை தேன் நிறம் திரும்பியிருந்தது.

பெரியம்மாவுக்கு நீலம் என்றால் துணிக்குப் போடுகிற நீலக்கட்டிதான். லயத்தில் தைப்பொங்கலுக்கு முன்னால் வெள்ளை வேட்டியெல்லாம் நீலக்கட்டி போட்ட தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அந்தக் கட்டியில் இருந்தது அல்ட்ராமரின் என்ற வேறொரு நீலம், அவுரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவுரியின் கதை வேறு. எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்று பெயர். அந்த காந்தி 1917-இல் பீகாரில் உள்ள சம்பாரண் போனது நீலச் சாகுபடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட விவசாயிகளுக்காக. இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கில் துரைமார்களுக்காக அவுரி போட்டே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டமாக இருந்தது. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1897-இல், ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்திருந்தது. அதற்கு வழிகாட்டிய அடால்ஃப் ஃபான் பேயருக்கு 1905-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவுரி வயல்கள் மளமளவென்று குறைந்தன. ரப்பரை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டதைக் கண்ணால் பார்த்த எங்களுக்கு இது வெறும் சரித்திரமாகத் தோன்றவில்லை. டீச்சர் இதையெல்லாம் சொன்னபோது பெரியம்மா கேட்டார்: "அப்ப அந்த வேலக்காரங்கள்லாம் எங்க போனாங்க?" டீச்சருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. துரைக்காக வலுக்கட்டாயமாக விளைந்த பயிர் இன்று ஒரு சின்ன உற்பத்தியாளரின் தொட்டியிலிருந்து அவர் சொல்கிற விலைக்கு எனக்கு வருகிறது. அதனால்தான் 130 வெள்ளியில் நான் பேரம் பேசவில்லை.

அடுத்த தடவை 250 கிராம் சொல்லியிருக்கிறேன், எல்லாம் கட்டியாக. சீட்டில் அறுவடை மாதமும் நீலத்தின் சதவீதமும் எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். எழுதினால் என் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது, இல்லாவிட்டால் எட்டு. தீபாவளிக்கு முன்னால் வந்துவிடும் என்றார்கள். இப்போதிருக்கிற வாளியில் நீலம் தேய்ந்துவிட்டது, மூன்று தடவை தோய்த்தாலும் வெளிர் நீலத்துக்கு மேல் ஏறவில்லை. அந்த வெளிர் நீலத்தைத்தான் பெரியம்மா கேட்டு வைத்திருக்கிறார். பேத்திக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, ஒரு போர்வைக்கு ஆறு சிட்டம் வேண்டும். நாலு ஆகிவிட்டது. நாளைக் காலை வெயில் வந்தால் மீதி இரண்டு.